உறுதியில் எழுதிய வம்சாவளி

யாழ்ப்பாணத் தமிழரிடம் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் முன்னால், பிள்ளையின் பெயர் பின்னால் என்பதே வழக்கம். மகனுக்கு ஒரு பிள்ளை பிறந்ததும் பேரனாரின் பெயர் எழுத்திலிருந்து நழுவிவிடும். அதனால் முன்னோரைத் தேடிக் குடும்ப வரலாறு எழுதும் பொழுதுபோக்கு, ஐரோப்பாவில் செய்வதுபோல ஒரு பெயரைப் பின்தொடர்ந்து போகும் வேலையாக இங்கே அமைவதில்லை. வம்சத்தின் தடத்தை இங்கே காத்து வைத்திருப்பவை காணி உறுதிகள், கோயில் ஏடுகள், அந்தியேட்டிக் கல்வெட்டுகள். பெயரை மட்டும் நம்பித் தேடுகிறவர் மூன்று தலைமுறையோடு நின்றுவிடுகிறார். காணியையும் பெண் வழியையும் பிடித்தவருக்கு அதற்கப்பாலும் வழி திறக்கிறது.

இந்தத் தடங்கள் எல்லாம் கூடும் ஊர்களில் ஒன்று கொழும்புத்துறை. யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கே, கடல்நீரேரிக் கரையில், பூநகரிப் பக்கத்துக்குத் தோணி போய்வந்த பழைய துறை அது. யோகர் சுவாமிகளின் ஆச்சிரமமும் புனித பிரான்சிஸ் சவேரியார் குருமடமும் அதே ஊரில் இருக்கின்றன. சைவக் குடும்பங்களும் கத்தோலிக்கக் குடும்பங்களும் அக்கம்பக்கமாக வாழ்ந்த ஊர் என்பதால், ஒரே வம்சத்தின் கிளைகள் இரண்டு சமயங்களின் ஏடுகளிலும் எழுதப்பட்டிருக்க இடமுண்டு.

பெயர் எப்படி ஓடுகிறது

தகப்பன் பெயரைச் சுமக்கும் முறைக்கு ஒரு குறையும் ஒரு பலமும் உண்டு. குறை, நீண்ட தொடர்ச்சி இல்லாதது. பலம், ஒவ்வொரு பெயரும் ஒரு தலைமுறையைச் சரியாகச் சுட்டுவது. எடுத்துக்காட்டுக்கு, ஓர் உறுதியில் ‘வேலுப்பிள்ளை கந்தையா’ என்றும், ஒரு பிறப்புப் பதிவில் ‘கந்தையா செல்லத்துரை’ என்றும், ஒரு பாடசாலை இடாப்பில் ‘செல்லத்துரை யோகராசா’ என்றும் இருந்தால், ஊரும் காலமும் பொருந்தும்போது நான்கு தலைமுறை கோத்து வந்துவிடுகிறது. குடும்பப் பெயர் இன்ன குடும்பம் என்று மட்டுமே சொல்லும். தகப்பன் பெயர் இன்னாருடைய பிள்ளை என்றே சொல்லிவிடும்.

இதில் தடுமாற்றம் தருவது, ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வருவது. பேரனின் பெயரைப் பேரப்பிள்ளைக்கு இடும் வழக்கத்தால் ஒரு குறிச்சியில் ஒரே காலத்தில் பல கந்தையாக்களும் சின்னத்தம்பிகளும் இருந்தார்கள். ஊரார் அவர்களைப் பட்டப்பெயராலும், தொழிலாலும், இருந்த வளவின் பெயராலும் பிரித்தறிந்தார்கள். உறவுமுறைச் சொற்களே முழுப் பெயராக நின்றதும் உண்டு: பெரியதம்பி, சின்னத்தம்பி, தம்பிப்பிள்ளை, சின்னாச்சி. ‘பிள்ளை’ என்று முடிந்தால் ஆண் என்று எண்ணிவிடக் கூடாது. வள்ளிப்பிள்ளை, அன்னப்பிள்ளை, சின்னப்பிள்ளை என்பவை யாழ்ப்பாணத்துப் பெண்களின் பெயர்கள். 19ஆம் நூற்றாண்டு ஏடுகளில் கதிர்காமர், வேலாயுதர், அம்பலவாணர் என்று ‘அர்’ விகுதியோடு நிற்கும் பெயர்களும் நிறைய உண்டு.

உலகில் யாழ்ப்பாணம் மட்டும் இப்படி இல்லை. ஐஸ்லாந்து மக்கள் இன்றும் தகப்பன் அல்லது தாயின் பெயரையே சுமக்கிறார்கள். ஆனாலும் அந்த நாட்டின் வம்சாவளித் தரவுத்தளம் 2003இல் இணையத்தில் திறக்கப்பட்டபோது, பல நூற்றாண்டு முன்னோரைத் தங்கள் பெயரோடு இணைத்துப் பார்க்க அவர்களால் முடிந்தது. ஏடுகள் தொடர்ச்சியாக இருந்ததே அதற்குக் காரணம். துருக்கியில் 1934இல் சட்டம் போட்டே எல்லாரும் குடும்பப் பெயர் வைக்க வேண்டும் என்றார்கள். புலம்பெயர்ந்த யாழ்ப்பாணத்தவருக்கு அந்த மாற்றத்தைக் குடிவரவுப் படிவம் செய்தது. கனடாவிலும் நோர்வேயிலும் இங்கிலாந்திலும் தகப்பன் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குள் போய், அடுத்த தலைமுறையில் அப்படியே உறைந்துவிட்டது. ஒரே தகப்பனின் பிள்ளைகளில் ஒருவர் தகப்பன் பெயரையும் மற்றவர் தன் பெயரையும் அந்தக் கட்டத்தில் எழுதியதால், அண்ணன் தம்பி பிள்ளைகள் வெவ்வேறு குடும்பப் பெயரோடு வளர்வதும் நடக்கிறது.

பெயரில் படிந்த ஆட்சிகள்

யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. 1658இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். ஒவ்வொரு ஆட்சியும் பெயர்களில் ஒரு படிவை விட்டுப்போயிற்று. கத்தோலிக்கப் புனிதர்களின் பெயர்கள் தமிழ் நாவுக்கு இசைந்து, பிள்ளை விகுதியும் பெற்றன. செபஸ்தியான் பஸ்தியாம்பிள்ளை ஆனார். சந்தியாகு சந்தியாப்பிள்ளை ஆனார். யோசேப்பு சூசைப்பிள்ளை ஆனார். மனுவேல் மனுவேற்பிள்ளை ஆனார். பிரான்சிஸ் சவேரியார் சவரிமுத்துவாக வீட்டுக்கு வீடு வந்தார்.

1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வேறொரு வகைப் பெயரைக் கொண்டுவந்தது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த மாணவர் பலருக்கு, அவர்களின் படிப்புச் செலவை ஏற்ற அமெரிக்க உபகாரிகளின் பெயர்கள் இடப்பட்டன. ‘பாவலர் சரித்திர தீபகம்’ எழுதிய சதாசிவம்பிள்ளை ஆர்னோல்டு என்றும், தர்க்கநூல் வல்ல சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் என்றும், விசுவநாதபிள்ளை கறோல் என்றும் அறியப்பட்டது இப்படித்தான். இத்தகைய பெயர் ஒன்று குடும்பத்தில் இருந்தால் வெள்ளைக்கார மூதாதையர் இருந்தார் என்று முடிவு கட்டக் கூடாது. அது பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூடத்தின் அடையாளம்.

ஒரு மனிதர் வாழ்நாளில் பல பெயர்களோடு ஏடுகளில் நிற்பதும் உண்டு. யோகர் சுவாமிகளின் வாழ்க்கையே அதற்குச் சான்று. 1872இல் மாவிட்டபுரத்தில் பிறந்தவருக்கு இட்ட பெயர் சதாசிவன். கத்தோலிக்கரான உறவினர் ஒருவரின் பராமரிப்பில், புனித பத்திரிசியார் கல்லூரியில் படித்த காலத்தில் அவர் யோன் ஆனார் என்று அவருடைய வரலாறுகள் சொல்கின்றன. நல்லூர்ச் செல்லப்பா சுவாமிகளின் சீடராகிக் கொழும்புத்துறையில் ஆச்சிரமம் கொண்டு, 1964இல் மறைந்தவரை உலகம் யோகர் என்றே அறியும். சதாசிவன் என்ற பெயரை மட்டும் வைத்துப் பள்ளி இடாப்பைப் புரட்டுகிறவருக்கு அவர் அகப்படமாட்டார்.

ஆங்கில எழுத்துக்கூட்டல் இன்னொரு சிக்கல். கந்தையா, குமாரசுவாமி, கனகசபை போன்ற பெயர்கள் பழைய ஏடுகளில் ‘சி’ எழுத்திலும் பின்னாளில் ‘கே’ எழுத்திலும் தொடங்கின. தம்பி என்பதில் சில இடத்தில் ஆங்கில B எழுத்தும், சில இடத்தில் P எழுத்தும் வரும். ஆங்கில அட்டவணையைத் தேடுகிறவர் ஒரு பெயருக்கு நாலைந்து எழுத்துக்கூட்டலாவது கையில் வைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்குள் இருக்கும் சான்றுகள்

தேடல் வீட்டில் மூத்தவரிடமிருந்து தொடங்குகிறது. சைவக் குடும்பங்களில் சிராத்தத்தின்போது தகப்பன், பேரன், பூட்டன் என்று மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்வதால் அந்த மூன்றும் பெரும்பாலும் நினைவில் இருக்கும். தாய்வழிப் பெயர்களைத் தனியே கேட்டு எழுத வேண்டும். ஆண்டு நினைவில்லாதவரிடம் ஆண்டைக் கேட்பதில் பயனில்லை. இரண்டாம் உலக யுத்தக் காலத்து உணவுக் கூப்பன் வருவதற்கு முன்னா பின்னா, மூத்தக்காவின் கலியாணத்துக்கு முன்னா பின்னா என்று கேட்டால் விடை வரும்.

அடுத்தது பிறப்புச் சான்றிதழ். இலங்கையில் பிறப்பு, இறப்புகளைக் குடியியல் முறையில் பதிவது 1867இன் சட்டத்தோடு நாடெங்கும் ஏற்பட்டது. பின்னாளைய பிறப்புப் பதிவில் தாய் தகப்பன் விபரத்தோடு, பேரனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றைக் கேட்கும் கட்டமும் உண்டு. தகப்பன் வெளிநாட்டில் பிறந்திருந்தால் பூட்டனாரின் விபரமும் கேட்கப்படும். 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் ஒருவரின் உரிமையைத் தகப்பன், பேரன் பிறந்த இடத்தோடு கட்டியது. மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றவராக்கப்பட்டது அந்தச் சட்டத்தால்தான். அதே விபரம் இன்று வம்சம் தேடுகிறவருக்கு ஒரே தாளில் மூன்று தலைமுறையைத் தருகிறது.

யாழ்ப்பாணத்துக்கே உரிய சான்று கல்வெட்டு. இது கல்லில் வெட்டியதன்று. ஒருவர் இறந்து 31ஆம் நாள் அந்தியேட்டியில் படித்து, அச்சிட்டுப் பங்கிடும் பாட்டு. திதி வெண்பாவில் இறந்த ஆண்டு, மாதம், பட்சம், திதி இருக்கும். பிறகு ஊர்ச் சிறப்பு, வம்ச வரலாறு, பிறப்பு, கல்வி, தொழில், விவாகம், பிள்ளைகள், மருமக்கள் என்று வரிசையாகப் போய், மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் என்று முடியும். புலம்பலில் யார் யார் பெயர் சொல்லி அழுகிறார்களோ அவர்களே அன்றைக்கு உயிரோடிருந்த நெருங்கிய உறவினர். இக்காலத்து நினைவு மலர்கள் கல்வெட்டின் இடத்துக்கு வந்து, பலவற்றில் வம்சாவளிப் படமும் சேர்ந்திருக்கிறது.

பத்திரிகை மரண அறிவித்தலும் இதே வேலையைச் சுருக்கமாகச் செய்கிறது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர், காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் மருமகன், இன்னாரின் மைத்துனர் என்று அது விரியும். பிறப்பிடம், வதிவிடம் என்ற இரண்டு சொற்களுக்குள் ஒரு குடும்பம் கொழும்புத்துறையிலிருந்து கிளிநொச்சிக்கும் கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் நகர்ந்த கதை முழுதும் இருக்கிறது. காலஞ்சென்றவர் யார், இருப்பவர் யார் என்பதும் அறிவித்தலின் திகதியோடு சேர்ந்து கால எல்லையைத் தந்துவிடும்.

உறுதியைப் படிக்கும் முறை

நிலம் பற்றிய கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் எழுத்தில் முடிக்கப்பட வேண்டும் என்று 1840இன் 7ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. உறுதியின் ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். வீட்டில் மூலம் தொலைந்தாலும் காணிக் கந்தோரில் தேடிப் பிரதி எடுக்க வழி உண்டு.

ஓர் உறுதியில் வம்சம் தேடுகிறவர் பார்க்க வேண்டிய இடங்கள் நான்கு. முதலாவது, கொடுப்பவர் வாங்குபவர் விபரம். இன்னாரின் மகன், இன்னாரின் பெண்சாதி, இன்ன ஊர் என்று அது நிற்கும். இரண்டாவது, உரித்து வந்த வழி. இந்தக் காணி எனக்கு இன்ன திகதி, இன்ன இலக்கச் சீதன உறுதிப்படி வந்து ஆட்சியில் இருக்கிறது என்று எழுதியிருக்கும். அந்த இலக்கம் அதற்கு முந்திய உறுதியைக் காட்டும். அந்த உறுதி இன்னும் முந்தியதைக் காட்டும். மூன்றாவது, காணிப் பெயர். யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் பெயர் உண்டு. ஆள் மாறினாலும் காணிப் பெயர் மாறுவது அரிது. ஆகவே பெயர் தெரியாத முன்னோரையும் காணிப் பெயரை வைத்துப் பிடிக்கலாம். நான்காவது, எல்லைகள். கிழக்கு இன்னாருக்குரிய காணி, வடக்கு ஒழுங்கை என்று சொல்லும் வரிகளில் அயலவர்கள் நிற்கிறார்கள். ஒரு பெரிய வளவைச் சகோதரர் பங்கிட்டபோது அயலவர் என்பவர் பெரும்பாலும் சிற்றப்பன் பிள்ளையாகவோ மாமியின் மகளாகவோ இருப்பார்.

பரப்பும் குழியுமாகச் சொல்லும் அளவுக்குப் பின்னால் கிணற்றுப் பங்கும் வழி, வாய்க்கால் உரிமையும் வரும். இந்தப் பங்குக் கணக்கைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கிணற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று இருந்தால், ஒரு தலைமுறையில் மூன்று பேரும் அடுத்த தலைமுறையில் நான்கு பேரும் பங்கிட்டிருக்கலாம், அல்லது முறை மாறி நடந்திருக்கலாம். நினைவிலிருந்து விடுபட்ட சகோதரர் ஒருவரை, இள வயதில் இறந்தவரை அல்லது ஊர்விட்டுப் போனவரை, இந்தப் பின்னம் வெளியே கொண்டுவரும்.

பெண் வழி

யாழ்ப்பாணத்தின் சொத்து வழக்கம் தேசவழமை. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் அதை 1707இல் தொகுத்து முடித்தார். பன்னிரண்டு முதலியார்கள் பார்த்து ஒப்புக்கொண்டனர். ஆங்கிலேயர் 1806இன் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதைச் சட்டமாக்கினர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை மூன்றாகப் பிரிப்பது அதன் அடிப்படை. முதுசம் முன்னோர் வழி வந்தது. தேடியதேட்டம் கணவனும் மனைவியும் சேர்ந்து தேடியது. சீதனம் மகளுக்குக் கொடுத்தது. மாப்பிள்ளை பெண்ணின் சீதன வீட்டில் குடியேறுவது பரவலான வழக்கம் என்பதால், ஒரு வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்கும் மகளிடமிருந்து பேத்திக்குமாகப் போகின்றன. அந்தச் சீதன உறுதிகளை அடுக்கினால் தாய், ஆச்சி, பூட்டி என்று பெண் வழி தெளிவாக வரும். எந்தக் குடும்பப் பெயரும் காட்டாத வழி இது.

பெண் வழியை விட்டால் எவ்வளவு இழக்க நேரும் என்பதை நாடறிந்த ஒரு குடும்பம் காட்டுகிறது. வடமராட்சிக் கெருடாவிலைச் சேர்ந்த ஆறுமுகநாதபிள்ளையின் மகன் குமாரசுவாமி முதலியார், 1830களில் சட்டநிரூபண சபையில் தமிழர் சார்பில் அமர்ந்தவர். அவருடைய மகன் சேர் முத்து குமாரசுவாமி. முத்துவின் மகன் கலைத் தத்துவ அறிஞர் ஆனந்த குமாரசுவாமி (1877–1947). இந்த வழியில் குமாரசுவாமி என்பது ஆங்கில முறைக் குடும்பப் பெயராக நின்றது. முதலியாரின் மகள் செல்லாச்சி பொன்னம்பலத்தை மணந்தார். அவர்களின் பிள்ளைகள் பொ. குமாரசுவாமி, பொன்னம்பலம் இராமநாதன் (1851–1930), பொன்னம்பலம் அருணாசலம் (1853–1924). அருணாசலத்தின் மகன் அருணாசலம் மகாதேவா. பெயரை மட்டும் பார்த்தால் ஆனந்த குமாரசுவாமிக்கும் இராமநாதனுக்கும் தொடர்பே தெரியாது. செல்லாச்சியை எழுதியதும் இருவரும் மாமன் மகன், மாமி மகன் ஆகிவிடுகிறார்கள். வம்சாவளியில் பெண்களுக்கு முழுப் பெயரும் முழு இடமும் கொடுக்க வேண்டியதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. இந்த அருணாசலமே இலங்கையின் பதிவாளர் நாயகமாக இருந்து 1901 குடிசன மதிப்பீட்டையும் நடத்தியவர் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

மச்சான் மச்சாள் கலியாணமும் மாற்றுச் சம்பந்தமும் மிகுந்த சமூகத்தில் ஒரே பூட்டன் தாய் வழியாகவும் தகப்பன் வழியாகவும் வருவார். கணக்குப்படி பத்துத் தலைமுறை மேலே 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு. உண்மையில் அந்த இடங்களில் இருந்த ஆட்கள் அதைவிட மிகக் குறைவு. கிளைகள் மேலே போகப் போக ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். வரைபடம் போடுகிறவர் ஒரே ஆளை இருமுறை எழுதாமல் ஓர் இலக்கமிட்டு இரு கோடுகளால் இணைப்பது நல்லது.

கோயில் ஏடுகளும் தோம்பும்

கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் பங்குக் கோயில்களின் ஞானஸ்நான, விவாக, மரண ஏடுகள் பெருந்துணை. ஞானஸ்நானப் பதிவில் ஞானத்தாய் ஞானத்தகப்பன் பெயரும் வரும். அவர்கள் பெரும்பாலும் நெருங்கிய உறவினர். சைவக் கோயில்களில் திருவிழா உபயமே துணை. இன்ன நாள் திருவிழா இன்ன குடும்பத்துக்கு என்று ஆண்டுதோறும் தொடர்வதால், பழைய விழா அறிவித்தல்களை அடுக்கிப் பார்த்தால் உபயம் தகப்பனிடமிருந்து மகனுக்கோ மருமகனுக்கோ போன விதம் தெரியும். தமிழ்நாட்டில் நாட்டுக்கோட்டை நகரத்தார் தம் ஒன்பது கோயில்களில் திருமணமான ஒவ்வொரு தம்பதியையும் புள்ளியாகப் பதிந்து வந்தனர். அத்தனை ஒழுங்கான ஏடு யாழ்ப்பாணத்தில் இல்லை.

ஆங்கிலேயருக்கு முந்திய காலத்துக்குத் தோம்புகள் உண்டு. போர்த்துக்கேயர் தொடங்கிய நிலப்பதிவை ஒல்லாந்தர் விரிவாக்கினர். நிலத் தோம்பு யாரிடம் எந்தக் காணி என்று சொன்னது. தலைத் தோம்பு வரியும் ஊழியமும் வாங்குவதற்காக ஆட்களைக் குடும்பம் குடும்பமாக எழுதியது. பள்ளிக்கூடத் தோம்பு ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் பதிந்தது. பதிவுகள் கோயிற்பற்று வாரியாக அமைந்தன. கொழும்புத்துறைக்கு அயலிலுள்ள சுண்டிக்குளியும் ஒரு கோயிற்பற்றாக இருந்தது. பதவிக்கும் உரிமைக்கும் ஞானஸ்நானம் வேண்டப்பட்ட காலம் அது. சைவக் குடும்பத்தவரும் ஏட்டில் கிறிஸ்தவப் பெயரோடு நிற்பதற்கு அதுவே காரணம். ஒல்லாந்தர் கால ஆவணங்கள் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணத் தொகுதி 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

அழிந்தவையும் எஞ்சியவையும்

1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, பல வீடுகளில் கையோடு எடுத்தது உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் வைத்த ஒரு பையைத்தான். எடுக்காமல் விட்ட கல்வெட்டுகளும் படங்களும் திரும்பி வந்தபோது இல்லை. ஆகையால் இன்னொரு வீட்டில் எஞ்சிய ஒரு பிரதி பெறுமதி மிக்கது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் பழைய பத்திரிகைகள், பாடசாலை மலர்கள், நினைவு மலர்கள் ஆயிரக்கணக்கில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. 1841இல் தோன்றிய உதயதாரகை, 1889இல் தோன்றிய இந்துசாதனம், 1930இல் தோன்றிய ஈழகேசரி போன்ற பத்திரிகைகளின் இதழ்களிலும் மரணச் செய்திகளும் பரீட்சை முடிவுகளும் உத்தியோக மாற்றங்களும் உண்டு. மரபணுப் பரிசோதனை தூரத்து உறவினரைச் சேர்த்து வைக்கக்கூடும். பெயரையும் ஊரையும் அது தராது.

உண்மையும் பெருமையும்

யாழ்ப்பாணத்துக் குடும்ப வரலாறுகள் சோழநாட்டிலிருந்தோ பாண்டிநாட்டிலிருந்தோ வந்த பிரபு ஒருவரில் தொடங்குவது வழக்கம். இந்தப் பிரபுக்களின் பட்டியல் கைலாயமாலையிலும், ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையிலும் இருக்கிறது. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் வெளியிட்ட ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ இந்த மரபுகளைச் சான்றோடு சோதித்துப் பார்த்தது. குடும்ப வரலாறு எழுதுகிறவருக்கும் அதே ஒழுக்கம் வேண்டும். மரபுக் கதையை மரபுக் கதை என்றே குறித்து, ஏடு காட்டும் முதல் ஆளிலிருந்து வம்சத்தைத் தொடங்குவது முறை.

பழைய ஏடுகள் சாதியை எழுதின. அடிமைகளையும் உடைமையாக எழுதின. இலங்கையில் அடிமை முறை 1844இல்தான் சட்டப்படி ஒழிந்தது. காணி வைத்திருக்க விடப்படாதவருக்கு உறுதி இல்லை, உபயம் மறுக்கப்பட்டவருக்குக் கோயில் ஏடு இல்லை. ஏட்டில் இடம் கிடைத்தபோதும் அவர்களின் பெயர் மரியாதை விகுதி இல்லாமல் குறுக்கி எழுதப்பட்டது. அந்தக் குடும்பங்களின் வரலாற்றுக்குப் பிறப்புப் பதிவுகளும், மிஷன் பாடசாலை இடாப்புகளும், மூத்தவரின் வாய்மொழியுமே முதன்மைச் சான்று. அந்த மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதும் வேலை எல்லாவற்றிலும் அவசரமானது. வேறு குடும்பத்தின் சாதியையோ தத்தெடுப்பையோ மறுமணத்தையோ வெளியிட வம்சம் தேடுகிறவருக்கு உரிமை இல்லை. உயிரோடிருப்பவர் விபரம் அவர் சம்மதத்தோடு மட்டுமே அச்சுக்குப் போக வேண்டும்.

சேர்த்ததை எழுதும்போது ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம், பெயரின் எல்லா வடிவங்களும், தாய் தகப்பன், பிறந்த இருந்த இடங்கள், காணிப் பெயர்கள் ஆகியவற்றைக் குறித்து, ஒவ்வொரு செய்திக்கும் அது எந்த உறுதியில், எந்த ஏட்டில், யார் வாயில் கிடைத்தது என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும். சான்று எழுதாத வம்சாவளியை அடுத்த தலைமுறை சரிபார்க்க முடியாது. முடிந்ததும் ஒரு பிரதி ஊர்ப் பாடசாலை நூலகத்துக்கும், ஓர் எண்ணிமப் பிரதி பொது ஆவணகம் ஒன்றுக்கும், கிளைக் குடும்பங்கள் ஒவ்வொன்றுக்கும் போனால், ஒரு வீடு எரிந்தாலும் ஓர் ஊர் பெயர்ந்தாலும் அந்த வரலாறு அழியாது.